சுருங்கிப்போன 5 ரூபாய் நாணயம்: காரணம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அப்பாவின் பழைய உண்டியலில் கிடைத்த நாணயம் இது. 2001, செப்பு-நிக்கல் 5 ரூபாய். ஆண்டுக்குக் கீழே அடையாளம் எதுவும் இல்லாததால் கொல்கத்தா நாணயச்சாலை.

சாதாரணமாக 23 மி.மீ. விட்டம் இருக்கும், இது 21 மி.மீ.தான். ஆனால் நகைக்கடைத் தராசில் எடை 8.9 கிராம், அதாவது கிட்டத்தட்ட முழு 9 கிராமும் இருக்கிறது. ஆகவே வெட்டவோ அராவவோ இல்லை. ஓரம் முழுக்க உள்பக்கமாக மடிந்து மோதிரம்போலத் தடித்திருக்கிறது. விளிம்பின் நடுவில் ஓட வேண்டிய பள்ளம் சுத்தமாகக் காணோம். சிங்க முகமும் 5 என்ற எண்ணும் மட்டும் புதிதுபோல இருக்கின்றன, அதுதான் என்னைக் குழப்புகிறது. சுத்தியலால் தட்டியிருந்தால் முகப்பில் தழும்பு இருக்குமே?

அதே ஆண்டு நாணயத்தோடு ஒப்பிட்டேன், பூதக்கண்ணாடியில் பார்த்தேன், காந்தமும் வைத்தேன், ஒட்டவில்லை. ஒரு நாணய வியாபாரி ‘அச்சுப்பிழை, விலை போகும்’ என்றார். எனக்கு நம்பிக்கையில்லை. அச்சுப்பிழையில் ஓரம் இப்படிச் சீராக உருண்டு மடியாது என்றே நினைக்கிறேன்.

சுழலும் இயந்திரம் எதிலாவது மாட்டி நெடுநாள் உருண்டால் நாணயம் இப்படி ஆகுமா?