கோழிக்கூட்டுக்குள் ராத்திரியில் வருவது எது?

வணக்கம் நண்பர்களே. கொல்லையில் பதினோரு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். மூன்று ராத்திரியில் நான்கு போய்விட்டது. இன்று விடியற்காலை கூட்டைத் திறந்தால் அடைக்கோழி தலையில்லாமல் கிடந்தது. உடம்பில் கறி அப்படியே இருக்கிறது. அடியில் இருந்த முட்டைகளில் இன்னும் சூடு ஆறவில்லை. மனசே சரியில்லை.

கீரி பகலில்தான் நடமாடும். நாய் என்றால் கூட்டையே பிய்த்திருக்கும். சாரைப்பாம்பு முட்டையையும் குஞ்சையும் விழுங்கும், தலையைக் கடித்துப் போடாது. நேற்று வாசலில் சாம்பல் தூவி வைத்திருந்தேன், அதில் ஐந்து விரல் தடம் பதிந்திருக்கிறது. பூனைக்கு நான்குதானே பதியும்? அதனால் மரநாயாக இருக்குமோ என்று சந்தேகம். கூரைக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி, பக்கத்திலேயே தென்னை சாய்ந்து நிற்கிறது.

விஷம், கண்ணி என்று யாரும் சொல்ல வேண்டாம். மரநாய் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் பிராணி. விஷம் வைத்தால் காக்கையும் தெருநாயும் சேர்ந்து சாகும்.

அரை அங்குல வெல்டு மெஷ் அடித்து இடைவெளியை மூடினால் போதுமா? தென்னையில் தகரம் சுற்றினால் ஏறாமல் இருக்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். மிச்சம் ஏழையும் அதுவரை வீட்டுத் திண்ணையில் பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே அம்மிக்கல் வைத்திருக்கிறேன்.