ரெடாக்‌ஷனுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

செ.:
அன்பர்களே, தகவல் உரிமைச் சட்டப் பயிற்சிக் கையேடு வெள்ளியன்று சைதாப்பேட்டை அச்சகத்துக்குப் போகிறது. சட்டத்தின் 10ஆம் பிரிவை விளக்கும் இடத்தில் சிக்கல். காவல்துறை ஆவணத்தை அடியோடு மறுக்காமல், 8(1)(எச்) விலக்குக்குள் (வெளியிட்டால் விசாரணை தடைப்படும் தகவல்) வரும் வரிகளை மட்டும் கறுப்படித்து மீதியைத் தருவது: இதற்கு ‘நீக்கம்’ என்று போட்டிருக்கிறோம். படித்தவர் ‘கோப்பிலிருந்தே எடுத்துவிடுவதா?’ என்கிறார். மூலத்தில் கை வைப்பதில்லை, நகலில்தான். சொல் தாருங்கள்.

இ.:
கரப்பு. உள்ளதை இல்லாததுபோல் வைத்திருப்பதே கரத்தல். இரப்பவனுக்குக் கரந்தால் பழி கரந்தவனுக்கே என்று குறளும் சொல்கிறது. கரவு, கரவடம், கரந்துறை எல்லாம் இந்த வேர்தான். கரப்பானும் ஒளிந்து வாழ்வதால்தானோ என்னவோ...

ம.:
ஐயா, நகலில் ‘கரப்புப் பிரதி’ என்று முத்திரை குத்தினால் மனுதாரர் பூச்சி மருந்து வாங்கப் போவார். அவர் இரப்பவரும் அல்லர். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி உரிமையைக் கேட்கிறவர். ‘மறைப்பு’ போதும்.

இ.:
சாட்சியத்தை மறைப்பது தனிக் குற்றம், தம்பி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 201ஆம் பிரிவு, அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 238. காவல் ஆவணத்தின்மேல் அந்தச் சொல்லையா ஒட்டுவது? ‘தொகுநகல்’ என்போம். ‘பால்குடம்’ என்ற சொல்லில் ‘ஐ’ உருபும் ‘உடைய’ என்ற பயனும் தொக்கி, அதாவது மறைந்து, நிற்கின்றன, தொலைந்துவிடவில்லை; விரித்தால் ‘பாலை உடைய குடம்’ என்று வரும். மூல ஆவணமும் அப்படித்தானே?

ம.:
தொகுநகல் என்றால் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய நகல் என்றுதான் ஊர் படிக்கும். நேர் எதிர்ப்பொருள்.

வ.:
சொல் எதுவானாலும் செய்முறை விடுபடக் கூடாது. ‘புலன் விசாரணை நிலுவையில் உள்ளது’ என்ற ஒற்றை வரி மறுப்பு நிற்காது. வெளியிட்டால் விசாரணை எப்படித் தடைப்படும் என்று அலுவலர் காட்ட வேண்டும் என 2007இலேயே பகத் சிங் என்ற மனுதாரர் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பகுதி மட்டும் தந்தால் 10(2)படி அறிவிப்பு கட்டாயம்: காரணம், முடிவெடுத்தவர் பெயர், பதவி, கட்டணக் கணக்கு, மறுஆய்வு கேட்கும் வழி.

மார்க்கர் அடித்த தாளை அப்படியே தராதீர்கள், வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும். அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலையும் பிடித்துப் பார்த்துவிட்டுத் தர வேண்டும். பிடிஎஃப் இன்னும் மோசம்: கறுப்புக் கட்டத்தை மேலே வைத்தால் எழுத்து அடியில் அப்படியே இருக்கும், காப்பி செய்து ஒட்டினால் வந்துவிடும். அச்செடுத்து ஸ்கேன் செய்வது பாதுகாப்பு. சாட்சி பெயரை வாக்குமூலத்தில் அடித்துவிட்டு மகஜரின் (சாட்சிகள் முன் எழுதும் சம்பவ இட, பறிமுதல் பதிவு) அடியில் கையெழுத்தோடு விட்டுவிடுவார்கள், அதையும் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் உட்பிரிவைக் குறியுங்கள். விசாரணைக்குத் தடை என்றால் எச், தகவல் தந்தவர் உயிருக்கு ஆபத்து என்றால் ஜி. முதல் மேல்முறையீட்டில் பாதி வாதம் குறையும்.

ம.:
பேசாமல் ‘கறுப்படிப்பு’ என்றே போடலாமே? எழுத்தருக்கும் புரியும்.

இ.:
வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தால் வெள்ளையடிப்பா?

செ.:
அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். ‘நகலில் பகுதி மறைப்பு’ என்று வைக்கிறேன், மறுப்பவர் இ. ஒருவர்தான். வ. சொன்னவற்றைக் கட்டம் கட்டிப் போடுகிறேன்.

இ.:
போடுங்கள். 238ஐயும் அடிக்குறிப்பில் சேருங்கள். தொகுநகலை நான் கைவிடவில்லை.