ஃபோர்க்லிஃப்ட் எஞ்சின் புகை தள்ளுது, இறக்கி வேலை பாக்கவா இல்ல வேற எஞ்சின் மாத்திரவா?

அம்பை மில்காரன்

அண்ணாச்சிமாரே ஒரு யோசனை சொல்லுங்க. நமக்கு அம்பாசமுத்திரம் பக்கம் புழுங்கலரிசி மில்லு. 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட் ஒண்ணு கெடக்கு, செகண்ட்ஸ்ல வாங்குனது, நாலு சிலிண்டர், ஹவர் மீட்டர் (எத்தன மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுறது) 11,000 காட்டுது (நடுவுல கொஞ்ச நாள் மீட்டர் ஓடலன்னு பழைய ஓனரே சொன்னாரு, அதனால அதையும் நம்ப முடியாது).

ஆறு மாசமா நீலப் புகை, காலைல ஸ்டார்ட் ஆக அழுவுது, ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கி, பிரீதர்ல (எஞ்சின் உள்ள சேருற ஆவி வெளிய போற குழாய்) இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி தள்ளுது, சூடானதும் ஐடில்ல ஆயில் லைட்டு வேற மினுக்குது. நம்ம மெக்கானிக் எஞ்சின இறக்கி முழு செட்டும் போட 1.4 லட்சம்ங்காரு, ஆனா பிரிச்ச பொறவுதான் சரியாத் தெரியும்னு ஒரு வால் விட்டு வச்சிருக்காரு. இன்னொருத்தர் சென்னை புதுப்பேட்டைல இருந்து ஓடுன எஞ்சின் 1.6க்கு இறக்கித் தாரேன்னாரு. புது எஞ்சின் 3.75, அதுவும் வர ஒன்றரை மாசம். வண்டிய மொத்தமா வித்தாக்கூட அஞ்சுக்குப் போவாது.

பிசான நெல்லு மாசி பங்குனில வந்து குமிஞ்சிரும், அதுக்குள்ள முடிக்கணும். எங்கப்பா "அந்த எளவ வித்துத் தொலைலே"ங்காரு. என்ன செய்ய?

பேட்டை லேத்

தம்பி, எஞ்சின் ஏன் செத்துச்சுன்னு யாராச்சும் பாத்தாங்களா? பிரிக்கதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. ஓடும்போது ஆயில் ஊத்துற மூடியக் கழத்தி தலைகீழா ஓட்டை மேலயே வைங்க, துள்ளிக் கீழ விழுந்துச்சுன்னா பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர் உள்சுவர்) போச்சு. ஆயில் லைட்ட நம்பாதீங்க, அந்த ஸ்விட்ச்சே பொய் சொல்லும், அதக் கழத்திட்டு முள்ளு கேஜ் மாட்டி சூட்டுல பாருங்க. அதுலயும் ஆயில் பிரஷர் விழுந்தா பெரும்பாலும் பேரிங் தேஞ்சிருக்கும், எஞ்சின எப்படியும் இறக்கித்தான் ஆவணும்.

1.4ன்னு மொத்தமாப் பேசாதீங்க. பிரிச்சு அளக்கதுக்கு மட்டும் தனியா கூலி பேசுங்க. கிராங்க (பிஸ்டன் தள்ளுறதுல சுத்துற தண்டு) நல்ல லேத்துல குடுத்து மைக்ரோமீட்டர் வச்சு அளந்து, முன்னாடி எத்தனை தடவ கிரைண்டிங் ஆயிருக்குன்னு பாக்கச் சொல்லுங்க, ஏன்னா கிராங்க கடஞ்சு சின்னதாக்குன பொறவு போடுற அண்டர்சைஸ் பேரிங் 0.25, 0.50 மி.மீ.ன்னு ஒரு அளவு வரைக்கும்தான் கிடைக்கும், பழைய ஓனர் கடைசி சைஸ் வரைக்கும் போயிருந்தாருன்னா புது கிராங்க் வாங்கணும், அங்கதான் கணக்கு புரளும். கிரைண்டிங் அடிக்கவன் ஜர்னல் (கிராங்க்ல பேரிங் உக்கார்ற எடம்) ஓரத்துல இருக்க வளைவ நேரா வெட்டிரக்கூடாது, வெட்டுனா அந்த எடத்துலதான் பொறவு கிராங்க் முறியும். இத வாயத் தொறந்து சொல்லிக் குடுங்க, வெக்கப்படாதீங்க. பிளாக்கு வெடிப்பு இல்லாம, கிராங்க் ஒரு சைஸ் உள்ள நின்னா கண்ண மூடிட்டு ரீபில்ட்.

தூத்துக்குடி யார்டு

ஓடுன எஞ்சின் கதைய நான் சொல்லுதேன், பட்டவன். ரெண்டு வருஷம் முன்ன நானும் அப்படித்தான் ஒண்ணு இறக்குனேன் (யார்ட்டன்னு கேக்காதீங்க). அதே மாடல்னாங்க, வந்து பாத்தா ஹைட்ராலிக் பம்ப் மாட்டுற முகமே வேற, அது வேற ஏதோ வண்டில கெடந்த எஞ்சின். லாரி எஞ்சின் மாத்துற மாதிரி நெனைக்காதீங்க, இதுல டார்க் கன்வெர்ட்டரு (எஞ்சின் சக்திய கியருக்குக் கடத்துறது), அத மூடுற பெல் ஹவுசிங், ஹைட்ராலிக் பம்ப் டிரைவ் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு உக்காரணும், எஞ்சின் வேகத்தக் கட்டுப்படுத்துற கவர்னரோட ஆர்பிஎம் ஒத்து வரலன்னா மாஸ்ட் (லோடு தூக்குற தூண்) ஆமை மாதிரி ஏறும். பொறத்தால இருக்க எஞ்சின் எடையும் லோடுக்கு எதிர் எடைல சேத்திங்கிறத மறந்துராதீங்க, லேசான எஞ்சின கண்டபடி வச்சிரக் கூடாது. பதினாறு நாள் லேத்துக்கும் யார்டுக்கும் அலைஞ்சு ஒருவழியா ஓடிச்சு, ஓடுனா அதுவும் நீலப் புகை. இப்பம் நெனைச்சாலும் வயிறு எரியுது.

வாங்கியே ஆவணும்னா அது வண்டில ஓடுறதக் கண்ணால பாக்காம அஞ்சு பைசா குடுக்காதீங்க.

அம்பை மில்காரன்

பேட்டை அண்ணாச்சி, மூடி துள்ளிப் போயி ரேடியேட்டர் பக்கம் விழுந்துட்டு. கேஜ்லயும் பிரஷர் இல்ல. ஏன் செத்துச்சுன்னு கேட்டேள்லா, அதான் புரியல, ஏர் ஃபில்டர டெய்லி கம்ப்ரஸர் வச்சு ஊதிருவோமே, ஆயில் கூட நேரத்துக்கு மாத்திருதோம்.

பேட்டை லேத்

அந்த டெய்லி ஊதுனதுதான் தம்பி கொன்னுச்சு. பக்கத்துல வச்சு ஃபுல் பிரஷர்ல ஊதுனா பேப்பர் கிழியும், கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்குள்ள சின்னதா இன்னொண்ணு உண்டு, சேஃப்டி எலிமெண்ட்டு, அது இருக்கா பாருங்க. பொறவு ஃபில்டர்ல இருந்து மேனிஃபோல்டுக்கு (சிலிண்டருக்குக் காத்து பிரிஞ்சு போற குழாய்) போற ரப்பர் ஹோஸக் கழத்தி உள்ள விரல விட்டுத் தடவுங்க. பாய்லருக்கு உமி எரிக்கியோல்லா, உமிச் சாம்பல்ல நூத்துக்கு எண்பத்தஞ்சுக்கு மேல சிலிக்காதான், மணல அரைச்சு எஞ்சினுக்கு ஊட்டுன மாதிரி. 3.75 போட்டு புது எஞ்சின் வச்சாலும் அந்த ஓட்டைய அடைக்கலன்னா அதுவும் சீக்கிரமே என் லேத்துக்கு வந்துரும், எனக்கு லாபம்தான்.

சங்கரங்கோயில் காட்டன்

பேசாம பேட்டரி வண்டி வாங்கிருங்க, புகையும் இல்ல ஆயிலும் இல்ல.

தூத்துக்குடி யார்டு

வாங்கலாம் அண்ணாச்சி, பணத்த நீங்க குடுங்க. நெல்லுக் களத்துல குண்டும் குழியுமா கெடக்க தரைல சின்ன வீல் பேட்டரி வண்டி எப்படிப் போவும்னும் சொல்லுங்க.

அம்பை மில்காரன்

பத்து நாள் கழிச்சு வாரேன். சேஃப்டி எலிமெண்ட்டே இல்ல, பையன் "அது அடைச்சுக்கிட்டே இருந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்"ங்கான், எப்பம் போட்டான்னு அவனுக்கே தெரியல. ஹோஸ் கிளிப்புக்கு அடில விரல் நீளம் வெடிப்பு, உள்ள தடவுனா சாம்பலா ஒட்டுது. ஹெட்ட இறக்குனா நாலு போர்லயும் மேல நகம் இடிக்க அளவுக்கு வரம்பு விழுந்து கெடக்கு. நல்லவேளை வெட் லைனர் (தனியாக் கழத்தி மாத்துற சிலிண்டர் குழல்), போரக் கடைய வேண்டாம், லைனர் பிஸ்டன் செட்டா மாத்திரலாம்ங்காரு. கிராங்க் இதுவரைக்கும் ஸ்டாண்டர்டு சைஸ்தான், இப்பம் 0.25ல நின்னுரும். ஹெட் பேஸிங், வால்வ் கைடு, ஆயில் பம்ப், நாசில் எல்லாம் சேத்து 1.52 வரைக்கும் போவுது.

ரீபில்டே பண்ணுதோம். ஃபில்டர் புதுசு ரெண்டும் வாங்கியாச்சு, ஏர் இன்டேக்க பாய்லர் பக்கம் இல்லாம மேல தூக்கி வைக்கச் சொல்லிருக்கேன், கம்ப்ரஸர் கன்ன பையன் கைல இருந்து வாங்கி ஆபீஸ்ல பூட்டி வச்சாச்சு. அப்பா மட்டும் இன்னும் முறைக்காரு. வண்டி வர்ற வரைக்கும் வாடகைக்கு ஒரு 3 டன் வேணும், திருநெல்வேலி தென்காசி பக்கம் யார்ட்டயாச்சும் சும்மா நிக்கா?