கிளிக், மில்: மேப் ரீடிங்கில் எப்படிக் கணக்கிடுவது?

தாம்பரம் கேடட்: என்சிசி மேப் ரீடிங் தேர்வுக்குப் படிக்கிறேன். அமெரிக்கப் படையினர் சொல்லும் ‘கிளிக்’, காம்பஸில் உள்ள ‘மில்’ இரண்டும் ஒன்றா? நடந்தே தூரம் அளப்பது எப்படி?

பரங்கிமலை வாசி: வேறு வேறு தம்பி. கிளிக் என்பது 1 கிலோமீட்டர். 1:50,000 மேப்பில் 2 செ.மீ., சரியாக ஒரு கிரிட் கட்டம். மில் கோண அளவு. நேட்டோ கணக்கில் முழு வட்டம் 6,400 மில், சோவியத் கருவிகளில் 6,000. இதைக் கவனிக்காமல் படித்தால் திசையே தப்பிவிடும். 1 மில் விலகினால் 1 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1 மீட்டர் தள்ளிப்போகும். தூரம் கணிக்கவும் இதுவே உதவும்: பார்க்கும் பொருளின் உயரத்தை (மீட்டரில்) 1,000ஆல் பெருக்கி, அது காட்டும் மில் அளவால் வகுக்கவும். 2 மீட்டர் கம்பம் 4 மில் காட்டினால் 500 மீட்டர்.

வரைபடப் பிரியன்: நடைக்கு, டேப்பால் 100 மீட்டர் அளந்து, இடது கால் ஊன்றும்போது மட்டும் எண்ணுங்கள். பலருக்கு 60 முதல் 70 வரும். மெரினா மணலில் அடி குறுகும், எண்ணிக்கை கூடும். மணலுக்குத் தனியாக அளந்து வையுங்கள். தூரத்தை நினைவில் வைக்க, கயிற்றில் கோத்த பாசிமணிகளில் 100 மீட்டருக்கு ஒரு மணி நகர்த்துங்கள். கயிற்றில் கீழே 9, மேலே 4. கீழே ஒன்பதும் முடிந்தபின் அடுத்த நூறுக்கு மேல்மணி ஒன்றை இழுத்து, கீழ்மணிகளைத் திருப்பி வைக்கவும். அது ஒரு கிளிக்.