அபூர் பாஞ்சாலி பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கௌசிக் கங்குலி எடுத்த 'அபூர் பாஞ்சாலி' என்ற வங்காளப் படத்தை இங்கே யாரெல்லாம் பார்த்திருக்கிறீர்கள்? 2014இல் அது வெளியானபோது நான் கொல்கத்தாவில் வேலையில் இருந்தேன். ஆபீஸில் பக்கத்து மேஜை தாதா (அங்கே வயதில் மூத்த ஆண்கள் எல்லாரும் தாதாதான்) கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். மீன் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குத்தான் எனக்கு வங்காளம் வரும், அதனால் பாதி வசனத்துக்கு என் காதில் உரை சொல்லிக்கொண்டே இருந்தார், முன்வரிசைக்காரர் திரும்பித் திரும்பி முறைத்தார்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: 1955இல் வந்த சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி'யில் சின்ன அப்புவாக நடித்த சுபீர் பானர்ஜி அதற்கப்புறம் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. எல்லாரையும் போல வேலைக்குப் போனார், குடும்பம் நடத்தினார். அந்த வாழ்க்கையை வைத்து எடுத்த படம் இது. ஜெர்மனியிலிருந்து அவருக்கு ஒரு அழைப்பு வருகிறது, அதைத் தூக்கிக்கொண்டு சினிமா படிக்கிற பையன் ஒருவன் அவரைத் தேடி வருகிறான், அவரோ அவனுக்கு முகம் கொடுத்தே பேசுவதில்லை. வயதான சுபீராக அர்தேந்து பானர்ஜி, இளவயதில் பரம்ப்ரத சட்டர்ஜி. பழைய நாட்கள் கறுப்பு வெள்ளையில் வரும், நடுநடுவே ரேயின் படக் காட்சிகளையே எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது அந்தப் பெரியவரின் எரிச்சல்தான். விவரம் தெரியாத வயதில் செய்த ஒரு காரியத்துக்காக, அறுபது தாண்டிய பிறகும் ஊரே உங்களை வேறு பெயரில் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அந்த இடங்களில் படம் நன்றாக நிற்கிறது. ஆனால் ரே அப்புவை வைத்து எடுத்த மூன்று படங்களில் அப்பு அப்பாவை இழந்தான், இவரும் இழந்தார், அப்புவின் மனைவி போனாள், இவர் மனைவியும் போனார் என்று ஒன்றுக்கு ஒன்று பொருத்திக்கொண்டே போனபோது எனக்குச் சலிப்புத் தட்டியது. வெளியே டீ குடிக்கும்போது தாதா சொன்னார், "மூணு படத்துத் துக்கத்தையும் ஒரே ஆள் தலையில கட்டிட்டாங்க." 2013 கோவா திரைப்பட விழாவில் இதற்காகச் சிறந்த இயக்குநர் விருது கொடுத்திருக்கிறார்களே என்றேன், அதற்கும் ஒரு 'ஹூம்'தான்.

*

சார், நானும் உங்கள் தாதா கட்சி. ஆனால் சொல்ல வந்தது வேறு. இந்தப் படம் பார்த்த சூட்டோடு நண்பர் ஒருவரும் நானும் போரால் என்ற ஊருக்குப் போனோம், பதேர் பாஞ்சாலியின் கிராமம் என்று பெரும்பகுதி எடுத்த இடம். கிராமம் என்று இன்று சொல்ல முடியாது, கரியா பக்கம், கொல்கத்தா தெற்கே வளர்ந்து வளர்ந்து அதையும் சேர்த்துக்கொண்டுவிட்டது. அங்கே ஒரு பெட்டிக்கடைக்காரரிடம் நண்பர், படத்தில் ரயில் வரும் நாணல் வெளி எங்கே என்று கேட்டார். அவருக்கு இது பழகிப்போன கேள்வி போல, பொட்டலம் மடிப்பதைக்கூட நிறுத்தாமல், "அது பர்தமான் பக்கம், பால்சிட்" என்றார்.

அந்த நாணல் வெளியில்தான் 1952 அக்டோபர் 27 அன்று முதல்நாள் படப்பிடிப்பு. அக்காவைத் தேடிக்கொண்டு பையன் நடந்து வர வேண்டும், அவ்வளவுதான் காட்சி, ஆனால் அவன் விறைத்துக்கொண்டு நடக்கிறான். உடனே ரே உதவியாளர்களை நாணலுக்குள் அங்கங்கே ஒளித்துவைத்து ஒவ்வொருவராக அவனைக் கூப்பிடச் சொல்லி, போகிற வழியில் சுள்ளிகளையும் போட்டு வைத்தாராம், குரல் வந்த பக்கம் திரும்பி, சுள்ளியைத் தாண்டி, தயங்கித் தயங்கிப் போகிற அந்த நடை அப்படித்தான் கிடைத்தது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டது! மீதியை எடுக்க அடுத்த பருவம்வரை காத்திருந்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், நடித்தது பையனா, சுள்ளியா? ரே பேப்பரில் விளம்பரம் கொடுத்து ஏகப்பட்ட பிள்ளைகளைப் பார்த்து (ஒரு வீட்டில் பெண் குழந்தைக்கு முடியை வெட்டிக் கூட்டி வந்திருந்தார்களாம்) ஒன்றும் சரிப்படாமல், கடைசியில் அவர் மனைவி பிஜயா பக்கத்து வீட்டுப் பக்கம் விளையாடிக்கொண்டிருந்த பையனைக் கண்டுபிடித்தார். விளையாடிக்கொண்டிருந்தவன் மறுபடி விளையாடப் போய்விட்டான், இதில் என்ன பெரிய சோகம் என்றுதான் எனக்கு இன்றுவரை தோன்றுகிறது.

*

சுள்ளியா பையனா என்று சுலபமாகக் கேட்டுவிட்டீர்கள் அண்ணா. நான் கொஞ்ச காலம் விளம்பரப் படங்களில் உதவி இயக்குநராக இருந்தவள். ஒரு ஷூட்டிங்கில் நாலு வயதுக் குழந்தை அழ வேண்டும், அழவில்லை. 'அம்மா உன்னை விட்டுட்டு ஊருக்குப் போயிட்டா' என்று அதனிடம் சொல்லச் சொன்னார்கள். சொன்னது நான் இல்லை, ஆனால் கதவுக்கு வெளியே அந்த அம்மாவை நிறுத்திவைக்கிற வேலை என்னுடையது. ஒரே டேக், எல்லாருக்கும் சந்தோஷம், அந்தக் குழந்தை பேக்கப்வரை அம்மா இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகு பதேர் பாஞ்சாலி பார்த்தபோது என் கண்ணில் பட்டதே வேறு. அக்கா துர்கா செத்த பிறகு அப்பு அழுவதைக் காட்டுகிறாரா? பல் தேய்க்கிறான், தானே தலை வாரிக்கொள்கிறான், வெளியே கிளம்பியவன் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க் குடை எடுத்து வருகிறான். கடைசியில் அக்கா திருடி வைத்திருந்த மாலையைக் குளத்தில் எறிகிறான், பாசி விலகி மெல்ல மூடிக்கொள்கிறது. எல்லாமே ஒரு சிறுவனால் செய்ய முடிந்த சின்னச் சின்ன வேலைகள். சுள்ளி போடுவதும் தந்திரம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எங்கள் தந்திரமும் அதுவும் ஒரே ஜாதி இல்லை. அதனால்தான் அபூர் பாஞ்சாலியில் எனக்கு ஒரு குறை, ரே அந்தப் பையனிடம் எவ்வளவு பக்குவமாக நடந்துகொண்டார் என்பதில் படம் நின்று பார்க்கவில்லை. அதன் கண்ணெல்லாம் பிற்காலத் துயரத்தில்தான்.

*

அந்தக் குறை உள்ளவர்கள் அனிக் தத்தாவின் 'அபராஜிதோ'வைப் பாருங்கள், 2022இல் வந்தது. பதேர் பாஞ்சாலி எடுத்த கதை, பெயர்களை மட்டும் மாற்றியிருப்பார்கள், படத்துக்குள் எடுக்கும் படம் 'பதேர் பதாபலி'. ரேயாக நடித்த ஜீத்து கமலைப் பார்த்தால் இளவயது ரேயே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைப்பீர்கள். பணம் தீர்ந்து, நகையை அடகு வைத்து, கடைசியில் மேற்கு வங்க அரசு காசு கொடுத்து முடிந்த கதையெல்லாம் இருக்கிறது. ரேயே பின்னால் மூன்று அதிசயம் என்று சொல்வார்: அத்தனை வருஷ இழுபறியில் அப்புவின் குரல் உடையவில்லை, துர்கா வளர்ந்துவிடவில்லை, கிழவி இந்திர் தாக்ருணாக நடித்தவர் செத்துப்போகவில்லை. நாங்கள் வீட்டில் முதலில் 'அபராஜிதோ', அடுத்த நாள் 'அபூர் பாஞ்சாலி' என்று பார்த்தோம், அந்த வரிசை நன்றாக வேலை செய்தது. முதல் பதிவில் சொன்ன சலிப்பு எங்களுக்கு வரவில்லை, என் மனைவிதான் பாதியில் எழுந்துபோய்த் தோசை வார்த்தாள், அது பசியினால்.

*

எல்லாரும் அப்புவைப் பற்றியே பேசுகிறீர்கள். துர்காவாக நடித்த உமா தாஸ்குப்தாவும் அதோடு சினிமாவை விட்டு ஆசிரியையாகப் போனவர்தான், 2024 நவம்பரில் காலமானார். செய்தி வந்த அன்று எங்கள் வாட்ஸாப் குழுவில் ஒருத்தர்கூட முதலில் அவர் பெயரைப் போடவில்லை, எல்லாரும் 'துர்கா போயிட்டா' என்றுதான் எழுதினார்கள், நானும் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அப்புறம்தான் பெயரைத் தேடினேன். அவரைப் பற்றி ஆவணப்படமோ பேட்டியோ சப்டைட்டிலோடு யாரிடமாவது இருந்தால் இங்கேயே போடுங்கள். வங்காளம் மட்டும் என்றாலும் சரி, முதல் பதிவு போட்டவர் தாதாவைப் பிடித்து நமக்கும் உரை சொல்ல வைக்கட்டும்.