மறு: ஆக்ஸிலரி கியர்பாக்ஸுக்குத் தமிழில் என்ன?

வணக்கம்.

> "துணைப் பற்சக்கரப் பெட்டி" என்று போட்டு முடித்துவிடலாமே?

முடித்துவிடலாம்தான் ஐயா. ஆனால் துணை என்றதும் பெரியது ஓய்ந்தால் கைகொடுக்கிற சின்னது ஒன்றுதான் மனதில் வருகிறது. இந்தப் பெட்டி அந்த ரகமில்லை. வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இதைக் கோத்துவிட்டால், எஞ்சின் தரும் விசை மொத்தமும் இதற்குள் நுழைந்துதான் பின்சக்கரத்துக்குப் போயாக வேண்டும்.

பழைய ஃபோர்டு மாடல் டி காரையே எடுத்துக்கொள்வோம். 1908 முதல் 1927 வரை வந்தது. முன்னால் போக இரண்டே கியர்: லோவில் 2.75-க்கு 1 (எஞ்சின் 2.75 சுற்று சுற்றினால் கியர்பாக்ஸிலிருந்து ஒரு சுற்று வெளியே வரும்), ஹையில் 1-க்கு 1. நடுவில் ஒன்றும் கிடையாது. லோவில் ஏற வேண்டுமென்றால் இடது பெடலை மிதித்தபடியே இருக்க வேண்டும். நீளமான மேடு என்றால் கால் கடுத்துவிடும். அதனால்தான் வார்ஃபோர்டு மாதிரியான வெளிப்பெட்டியை வாங்கி, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் நீளத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பொருத்தினார்கள்.

அதில் ஒரு வில்லங்கம். மாடல் டி-யின் கால் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குள் சுழலும் டிரம்மை ஒரு பட்டை இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான் பிரேக். இறக்கத்தில் கியர் மாற்றும்போது பின்னால் கோத்த பெட்டி நியூட்ரலில் நின்றுவிட்டால்? பிரேக்கை மிதிக்கலாம், டிரம் நிற்கும், வண்டி நிற்காது. டிரம்முக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பே அறுந்து கிடக்கிறதே. மிச்சம் கைபிரேக் ஒன்றுதான். இதற்குப் பயந்தே பலர் பின்சக்கரங்களில் தனியாகப் பிரேக் மாட்டிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட பொருளைத் 'துணை' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

> "இணைப்பெட்டி" எப்படி?

இணை என்றால் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது. இது ஒன்றன்பின் ஒன்று. பள்ளி இயற்பியலில் மின்தடைகளுக்குச் சொல்லும் தொடரிணைப்புதான் சரியான படம். அதற்காகத் 'தொடர்ப்பெட்டி' என்றால் ரயில் ஞாபகம் வருகிறது!

என் ஓட்டு 'அடுக்கு'க்கு. இங்கே விகிதங்கள் கூடுவதில்லை, பெருகுகின்றன. பின்பெட்டியின் விகிதம் 1.5 என்று வைத்துக்கொண்டால், மாடல் டி-யின் ஹை 1.5 ஆகும், லோ 4.125 ஆகும், பின்பெட்டியை 1-க்கு 1 என்று நேராக விட்டால் பழைய இரண்டும் அப்படியே இருக்கும். ஆக இரண்டு நாலாகிறது. 8 முன், 2 பின் என்று விற்கிற டிராக்டர் பலவற்றில் நடப்பதும் இதே கணக்குதான்: நாலு முன், ஒரு பின், ஹை-லோ லிவர் அதை இரட்டிக்கிறது. என்ன, அது கம்பெனியிலேயே உள்ளே வைத்துத் தருவது. நாம் பேசுவது பிறகு மாட்டுவது.

அப்புறம், பற்சக்கரப் பெட்டி நீளம் என்று அதைப் 'பற்பெட்டி' ஆக்கச் சொன்னவருக்கு: புணர்ச்சி சரி. ஆனால் என் பாட்டி ராத்திரி பல்செட்டைக் கழற்றி வைக்கும் டப்பாதான் கண்ணில் நிற்கிறது.

---

> அடுக்குப்பெட்டி என்றால் எங்கள் வீட்டில் சாம்பார் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பார்கள், தம்பி.

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. பெட்டியை விட்டுவிட்டு 'அடுக்குப் பல்லிணை' என்று வைக்கலாமா? பல்லிணையில் பல்லும் இருக்கிறது, பல இணைகளும் இருக்கின்றன. இலங்கை நண்பர்கள் பற்சில்லு என்பார்கள். 'அடுக்குப் பற்சில்லு' என்றாலும் பழுதில்லை.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "அடுக்குப் பல்லிணை நியூட்ரலில் இருக்கும்போது கால் பிரேக் வேலை செய்யாது." இடறாமல் வாசிக்க முடிகிறது. நியூட்ரலை நான் தொடவில்லை. அதற்கு வேறு யாராவது தனி இழை தொடங்குங்கள்.