நடுக்கடலில் இறந்தவரின் உடைமைகளைக் கப்பலிலேயே ஏலம் விட்டது ஏன்?

நெய்தல்வாசகன்:
17, 18ஆம் நூற்றாண்டுப் பாய்மரக் கப்பல்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு செய்தி மனத்தை உறுத்துகிறது. வழியில் ஒருவர் இறந்தால் உடலைப் பாய்த்துணியில் வைத்துத் தைத்து, கனமான பொருளைக் கட்டிக் கடலில் இறக்கிய பின், அவருடைய சட்டை, காலணி, பெட்டி எல்லாவற்றையும் பாய்மரத்தடியில் ஏலம் விட்டிருக்கிறார்கள். உடன் வந்தவர்களே அவற்றை வாங்கியிருக்கிறார்கள். வீட்டாருக்குச் சேர வேண்டியதை இப்படி விற்பது கொடுமை அல்லவா? அந்தப் பணமாவது குடும்பத்தின் கைக்குப் போனதா?

ஏட்டுச்சுவடி:
கொடுமை என்று நான் சொல்ல மாட்டேன், நண்பரே. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் நெதர்லாந்திலிருந்து பட்டாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, போய்ச் சேர ஏறத்தாழ எட்டு மாதம் ஆகும். கேட்பாரற்ற ஒரு பெட்டி ஈரத்திலும் எலிகளுக்கு நடுவிலும் அத்தனை காலம் கிடந்து, பிறகு வேறொரு கப்பலில் ஏறி, களவு போகாமல் ஊர் திரும்பும் என்று யார் நம்பியிருக்க முடியும்? ஆகவே பொருளைக் கணக்காக மாற்றினார்கள். கப்பலின் சம்பளப் பேரேட்டில் ஒவ்வொரு பணியாளருக்கும் பற்று ஒரு பக்கம், வரவு மறுபக்கம் என்று தனிக் கணக்கு இருந்தது. ஏலத்தில் எடுத்தவர் ரொக்கம் தர வேண்டியதில்லை. அந்தத் தொகை அவர் கணக்கில் பற்றாகவும் இறந்தவர் கணக்கில் வரவாகவும் ஏறியது. மீதியை வாரிசுகள் நெதர்லாந்தில் கேட்டுப் பெறலாம். ஆனால் பலர் ஆள்பிடிப்பவர்களிடம் பட்ட கடனுக்குச் சம்பளத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். அத்தகையவர்களின் குடும்பத்துக்கு அதிகம் மிஞ்சியிருக்காது. எனக்கு உண்மையான கொடுமையாகத் தெரிவது அதுதான். இந்தப் பேரேடுகள் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன.

கலம்செய்வோன்:
பிரிட்டனில் 1854ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் இதே வழக்கத்தை முறைப்படுத்தியது. மாலுமி இறந்தால் அவருடைய பணத்தையும் உடைமைகளையும் கேப்டன் பொறுப்பேற்க வேண்டும். பாய்மரத்தடியில் விற்றால், ஒவ்வொரு பொருளும் என்ன விலைக்குப் போனது என்பதைக் கப்பலின் அதிகாரபூர்வ நாட்பதிவில் எழுதிச் சாட்சிக் கையொப்பமும் பெற வேண்டும். ஒரு சாதாரண மாலுமியிடம் என்னென்ன இருந்தன என்பது நமக்குத் தெரிய வருவதே பெரும்பாலும் இத்தகைய பட்டியல்களால்தான். இந்த விதி மாலுமிகளுக்கானது. பயணிகளின் நிலை வேறு.

நெய்தல்வாசகன்:
இருவருக்கும் நன்றி. நோயில் இறந்தவர்களின் துணிகளையும் விற்றார்களா?

மருந்துப்பெட்டி:
தொற்றுநோய் என்று தெரிந்தால் படுக்கையைக் கடலில் எறிவதும் கரை சேர்ந்தபின் எரிப்பதும் உண்டு. ஆனால் தெரிந்துகொள்வதுதான் கடினமாக இருந்தது. 1852இல் ஏறத்தாழ 800 குடியேறிகளுடன் ஆஸ்திரேலியாவுக்குப் போன டைகொண்டரோகா கப்பலில் டைஃபஸ் காய்ச்சலால் வழியிலேயே சுமார் நூறு பேர் இறந்தனர். அந்தக் காய்ச்சலைப் பரப்புவது துணிமடிப்புகளில் வாழும் உடற்பேன் என்பதை 1909இல்தான் சார்ல் நிக்கோல் கண்டறிந்தார். ஆகவே, முறையாகக் கணக்கெழுதி நடத்திய ஏலத்தில்கூட, இறந்தவரின் கம்பளிச் சட்டையோடு அவருடைய நோயையும் சிலர் வாங்கிச் சென்றிருக்கக்கூடும் என்றே நான் கருதுகிறேன்.